138 சீரத்திலும் சிக்காத காலரா கிருமி: பாக்டீரியா ஆய்வில் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ன செய்கிறது?

1992-ம் ஆண்டின் கடைசி மாதங்கள். அன்றைய மெட்ராஸில் வாந்தி, வயிற்றுப்போக்குடன் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பார்த்தால் அச்சு அசல் காலரா. அரிசி கழுவிய தண்ணீர் போன்ற அதே பேதி, சில மணி நேரத்தில் உடம்பை வற்றவைக்கும் அதே வேகம். மாதிரியைப் பரிசோதித்தால், இருப்பதும் காலரா கிருமியின் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாதான்.

ஆனால், காலராவை உறுதி செய்யும் அந்த ஒரு சோதனை மட்டும் 'இல்லை' என்றது.

இந்தக் குழப்பம் ஏன் வந்தது? அதைத் தீர்க்க எது உதவியது? மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற கருவியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில் அன்றைய அமெரிக்க அதிபர் டிரம்புக்குக் கொடுக்கப்பட்டபோது இந்தப் பெயர் பலருக்கு அறிமுகமாகியிருக்கும். ஆனால் மருந்தாக வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, கிருமிகளை ஆராயும் ஆய்வகங்களில் இது அன்றாடம் புழங்கும் பொருள்.

மெட்ராஸில் அன்று என்ன நடந்தது?

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே பாக்டீரியாவில் பல வகைகள் உண்டு. அதன் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் அமைப்பை வைத்து ஓ1, ஓ2, ஓ3 என்று எண் கொடுத்துப் பிரிப்பார்கள். 1992 வரை தெரிந்திருந்தவை 138 வகைகள். அதில் பெரிய அளவில் காலராவைப் பரப்பியது ஓ1 மட்டும்தான்.

வகையைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு சீரம் இருக்கும். அதாவது, அந்த வகைக்கு எதிரான ஆன்டிபாடிகள் நிறைந்த, விலங்கின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த திரவம். கண்ணாடித் தகட்டில் கிருமியையும் சீரத்தையும் சேர்த்துக் கலக்கினால், பொருத்தமான ஜோடியாக இருந்தால் பால் திரிந்த மாதிரி துளித்துளியாகத் திரளும். பொருந்தாவிட்டால் அப்படியே கலங்கலாக நிற்கும்.

மெட்ராஸ் கிருமி ஓ1 சீரத்தில் திரளவில்லை. 138 வகைச் சீரங்களில் எதிலுமே திரளவில்லை. அதனால் அது புதிய வகை என்று முடிவானது. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். வங்கக் கடலோரப் பகுதிகளில் பரவியதால் 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது.

இது வெறும் எண் சமாச்சாரம் இல்லை. சில மாதங்களில் கொல்கத்தா, வங்கதேசம் என்று பரவியது. 1993-ன் முதல் சில மாதங்களில் வங்கதேசத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலரா அடிக்கடி வரும் ஊர்களில் வழக்கமாகக் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள். பெரியவர்களுக்கு ஏற்கனவே ஓரளவு எதிர்ப்பு சக்தி இருக்கும். ஆனால் இந்த முறை பெரியவர்களும் பெருமளவில் விழுந்தார்கள். ஓ1 கிருமிக்கு எதிராக அவர்கள் உடலில் இருந்த எதிர்ப்பு, இந்தப் புதிய கிருமியிடம் எடுபடவில்லை.

இத்தனைக்கும் உள்ளே இருந்த விஷம் அதே காலரா விஷம்தான். மாறியது மேல்சட்டை மட்டும். ஓ1 கிருமியின் மேற்பரப்புச் சர்க்கரையைத் தயாரிக்கும் மரபணுப் பகுதி கழன்று, அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தது எனப் பின்னர் தெரியவந்தது.

முதலில், ஆன்டிபாடி என்றால் என்ன?

கிருமி உடலுக்குள் நுழைந்தால், ரத்தத்தில் இருக்கும் 'பி' செல்கள் ஒரு புரதத்தைச் சுரக்கும். அதுதான் ஆன்டிபாடி. தமிழில் எதிர்ப்பொருள். பார்க்க உண்டிவில் கவட்டை மாதிரி, இரண்டு கையும் ஒரு காலுமாக இருக்கும். இரண்டு கைகளின் நுனிதான் கிருமியைப் பிடிக்கும் இடம்.

ஆனால் ஆன்டிபாடி ஒரு கிருமியை முழுசாகப் பிடிப்பதில்லை. அதன் மேல் இருக்கும் ஒரு புரதத்தின், அல்லது சர்க்கரையின், மிகச் சின்ன ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். அந்தப் பிடிமான இடத்துக்குப் பெயர் எபிடோப். ஒரு கிருமியின் மேல் இப்படி ஏராளமான எபிடோப்கள் உண்டு.

ஒரு 'பி' செல் ஒரே ஒரு வகை ஆன்டிபாடியை மட்டுமே தயாரிக்கும். ஒரு கிருமி உடலுக்குள் வந்தால், பலவகை 'பி' செல்கள் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும். அதனால் ரத்தத்தில் இருப்பது பல ஆன்டிபாடிகளின் கலவை. இதைத்தான் பாலிகுளோனல் என்கிறார்கள். ஒரே ஒரு 'பி' செல்லின் வாரிசுகள் தயாரித்த, ஒரே மாதிரியான ஆன்டிபாடி மட்டும் தனியாக இருந்தால் அது மோனோகுளோனல்.

கலவையாக இருந்தால் என்ன பிரச்னை?

பாலிகுளோனல் சீரம் ஒன்றும் மோசமான பொருள் இல்லை. 1890-ல் எமில் வான் பெரிங்கும் ஜப்பானின் கிடாசாட்டோவும், விலங்கின் ரத்தச் சீரத்தால் டிப்தீரியா, டெட்டனஸ் விஷங்களை முறிக்க முடியும் என்று காட்டினார்கள். 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே பெரிங்குக்குத்தான். 1930-களில் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு, முயல் சீரத்தை வைத்தே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களை ஏ, பி, சி என்று வகை பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. அதே சமையல்காரர், அதே மளிகை லிஸ்ட். ஆனாலும் நேற்றைய கல்யாண சாம்பாரின் ருசி இன்றைக்கு அப்படியே வராது. சீரமும் அப்படித்தான். ஒரு முயலின் ரத்தத்திலிருந்து எடுத்தது தீர்ந்து, அடுத்த முயலுக்குப் போனால், கலவை மாறிவிடும். சென்னையில் ஒரு ஆய்வகத்தில் வந்த முடிவு, லண்டனில் வேறு பாட்டிலை வைத்துச் செய்தால் வராமல் போகலாம்.

இன்னொன்று, கலவையில் இருக்கும் ஏதோ ஒரு ஆன்டிபாடி, சம்பந்தமே இல்லாத வேறொரு பாக்டீரியாவையும் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் எது உண்மையான முடிவு, எது போலி என்று பிரிப்பது கஷ்டம்.

1975-ல் நடந்த திருப்பம்

பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த இருவர் இதற்கு வழி கண்டார்கள். ஒருவர் அர்ஜென்டினாவில் பிறந்த செசார் மில்ஸ்டீன். இன்னொருவர் ஜெர்மனியின் ஜார்ஜ் கோலர், அப்போது அவருக்கு வயது 29.

அவர்கள் முன் இருந்த சிக்கல் இதுதான். வேண்டிய ஆன்டிபாடியைத் தயாரிக்கும் 'பி' செல்லைத் தனியாக எடுத்து வளர்த்தால், சில நாள்களில் செத்துவிடும். புற்றுநோய் செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும், ஆனால் அதனால் நமக்கு வேண்டிய ஆன்டிபாடியைத் தயாரிக்க முடியாது. அப்படின்னா, இரண்டையும் ஒட்டிவிட்டால்?

ஒட்டினார்கள். சாகாத, அதே சமயம் ஒரே ஆன்டிபாடியைத் தயாரித்துக்கொண்டே இருக்கும் அந்தக் கலப்பு செல்லுக்கு ஹைபிரிடோமா என்று பெயர். 1975 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியானது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை. உலகம் முழுக்க ஆய்வகங்கள் தடையில்லாமல் இதைப் பின்பற்ற அது வசதியானது. 1984-ல் இருவருக்கும், நோய் எதிர்ப்பு மண்டலம் பற்றிய கோட்பாடுகளுக்காக நீல்ஸ் ஜெர்னேவுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

* முதலில், ஆராய வேண்டிய பாக்டீரியாவைக் கொன்றோ, அதன் புரதத்தை மட்டும் பிரித்தோ எலிக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். சில வார இடைவெளியில் திரும்பவும் செலுத்துவார்கள்.

* எலியின் ரத்தத்தில் ஆன்டிபாடி வந்துவிட்டது என்று தெரிந்ததும், அதன் மண்ணீரலிலிருந்து 'பி' செல்களை எடுப்பார்கள்.

* அவற்றை மைலோமா என்ற புற்றுநோய் செல்லுடன் இணைப்பார்கள்.

* எல்லா செல்லும் இணையாது. எனவே கலவையை ஒரு சிறப்புத் திரவத்தில் வளர்ப்பார்கள். இணையாத புற்றுநோய் செல் அந்தத் திரவத்தில் பிழைக்காது. இணையாத 'பி' செல் தானாகவே செத்துவிடும். மிஞ்சுவது கலப்பு செல் மட்டும்.

* கடைசியாக, ஒரு குழியில் ஒரே ஒரு செல் இருக்கும்படி பிரித்து வளர்ப்பார்கள். எந்தக் குழியில் இருப்பது வேண்டிய கிருமியைப் பிடிக்கிறது, வேண்டாததை விடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

இந்தக் கடைசி வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். நூற்றுக்கணக்கான குழிகளில் தேறுவது ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். ஆனால் தேறிய அந்த ஒரு செல்லை உறைய வைத்துக்கொண்டால், வேண்டும்போதெல்லாம் எடுத்து வளர்த்து அதே ஆன்டிபாடியைப் பெறலாம்.

எவ்வளவு துல்லியம்?

காலரா கிருமியையே பார்ப்போம். ஓ1 வகைக்குள் ஒகாவா, இனாபா என்று இரண்டு உட்பிரிவுகள். இரண்டுக்கும் மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலி ஏறக்குறைய ஒன்றுதான். ஒகாவாவின் சங்கிலியில் கடைசிச் சர்க்கரையில் மட்டும் ஒரு மெத்தில் தொகுதி கூடுதலாக ஒட்டியிருக்கும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். இந்த நான்கு அணுக்கள் இருக்கா, இல்லையா என்பதை வைத்தே ஒகாவாவை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகள் இருக்கின்றன.

ஓ139 விஷயத்திலும் இதுதான் கைகொடுத்தது. டாக்காவில் உள்ள வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தில் ஃபிர்தௌசி காத்ரி உள்ளிட்ட விஞ்ஞானிகள், ஓ139-ஐ மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். அதை வைத்து, நோயாளியின் மல மாதிரியிலேயே நேரடியாகக் கிருமியைக் கண்டறியும் விரைவுச் சோதனையைத் தயாரித்து 1994-ல் வெளியிட்டார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும். இதில் சில நிமிடங்கள் போதும். கிருமி முதலில் கண்ணில் பட்டு இரண்டு ஆண்டுகளுக்குள் இது நடந்தது.

ஆய்வகத்தில் வேறு என்னென்ன வேலை?

*அடையாளம் காண:* வளர்த்த கிருமி காசநோய்க் கிருமிதானா, இல்லை அதன் சாதுவான உறவுக்காரக் கிருமியா என்ற சந்தேகம் ஆய்வகங்களில் அடிக்கடி வரும். காசநோய்க் கிருமி வெளியிடும் எம்பிடி64 என்ற புரதத்தைப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடி பட்டை, கால் மணி நேரத்தில் பதில் சொல்லும். வீட்டில் செய்து பார்த்த கொரோனா கிட் மாதிரி, கோடு வந்தால் ஆமாம்.

*அளக்க:* ஒரு பாக்டீரியா எவ்வளவு விஷத்தைச் சுரக்கிறது என்பதை எலிசா சோதனையில் அளக்கலாம். ஒரு ஆன்டிபாடி விஷத்தைப் பிடித்துவைக்கும், இன்னொன்று அதன் மேல் உட்கார்ந்து நிறம் காட்டும். நிறம் கூடினால் விஷம் கூடுதல்.

*பார்க்க:* ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டிவிட்டால், மைக்ரோஸ்கோப்பில் கிருமியின் எந்தப் பக்கத்தில் அந்தப் புரதம் இருக்கிறது என்பது தெரியும்.

*பிரித்தெடுக்க:* காந்தத் துகள்களில் ஆன்டிபாடியைப் பூசினால், பால், இறைச்சி, கழிவுநீர் போன்ற கலவையிலிருந்து வேண்டிய கிருமியை மட்டும் இழுத்து எடுக்கலாம்.

*தடுத்துப் பார்க்க:* இதுதான் ஆராய்ச்சியில் முக்கியம். ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் மூடிவிட்டு, அதற்குப் பிறகும் அந்தக் கிருமியால் மனித செல்லில் ஒட்ட முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியவில்லை என்றால், ஒட்டுவதற்கு அந்தப் புரதம் தேவை என்று அர்த்தம். தடுப்பூசிக்கு எதைக் குறிவைக்கலாம் என்ற தேடலில் இது ஒரு முக்கியமான துப்பு.

விடால் டெஸ்ட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலருக்கும் குழப்பம்.

டைபாய்டுக்காக எடுக்கும் விடால் டெஸ்ட், நோயாளியின் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேடுகிறது. கிருமியைத் தேடவில்லை. முன்பு எப்போதோ வந்த காய்ச்சலோ, போட்டுக்கொண்ட தடுப்பூசியோ கூட ஆன்டிபாடியை விட்டுச் சென்றிருக்கலாம். அதனால் ஒரே ஒரு விடால் ரிசல்ட்டை வைத்து டைபாய்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

காசநோயில் இதன் விளைவு இன்னும் மோசம். ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் காசநோய் கிட்கள் ஒருகாலத்தில் இந்தியாவில் தாராளமாக விற்பனையாகின. நோய் இல்லாதவருக்கு இருக்கு என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் அவை காட்டின. இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. 2012 ஜூனில் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது.

மோனோகுளோனல் ஆன்டிபாடி சோதனை இதற்குத் தலைகீழ். இங்கே ஆன்டிபாடி என்பது தேடப்படும் பொருள் இல்லை, தேடும் கருவி. அது நேரடியாகக் கிருமியின் பாகத்தைத் தேடுகிறது.

அப்போ இதில் தவறே வராதா?

வரும். மூன்று இடங்களில் வரும்.

முதலாவது, கிருமியின் தந்திரம். புண்களில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் மேல் 'புரோட்டீன் ஏ' என்று ஒரு புரதம் இருக்கிறது. இது ஆன்டிபாடியின் கையைப் பிடிக்காது, காலைப் பிடிக்கும். அதனால் எந்தக் கிருமிக்கான ஆன்டிபாடியை ஊற்றினாலும் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. சம்பந்தமில்லாத ஒரு ஆன்டிபாடியையும் கூடவே வைத்துச் சோதிக்காவிட்டால், ஆய்வாளர் ஏமாந்துபோவார். வேடிக்கை என்னவென்றால், இதே புரோட்டீன் ஏ-வைத்தான் உலகம் முழுக்க ஆன்டிபாடிகளைச் சுத்திகரிக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு கிருமிகள். மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கி, மனிதர்களுக்கும் தொற்றும் புருசெல்லா பாக்டீரியாவின் மேற்பரப்புச் சர்க்கரையும், யெர்சினியா என்ற வேறொரு பாக்டீரியாவின் ஓ9 வகைச் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒன்றே. எவ்வளவு தூய்மையான ஆன்டிபாடியாக இருந்தாலும், அது பிடிக்கும் எபிடோப் இரண்டு கிருமியிலும் இருந்தால் இரண்டையும் பிடிக்கத்தான் செய்யும்.

மூன்றாவது, துல்லியமே எதிரியாவது. ஒரே ஒரு இடத்தை நம்பியிருப்பதால், கிருமி அந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் ஆன்டிபாடிக்கு அது தெரியாமலே போய்விடும். எம்பிடி64 மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட காசநோய்க் கிருமிகள் அந்தப் பட்டைச் சோதனையில் கோடு காட்டாமல் தப்பியது பதிவாகியிருக்கிறது. காலராவிலும், விரைவு கிட் காட்டும் முடிவை, கிருமியை வளர்த்தோ பிசிஆர் மூலமோ உறுதி செய்ய வேண்டும் என்பதுதான் நடைமுறை.

பாட்டில் மேல் உள்ள பெயரை நம்பலாமா?

ஆய்வாளர்களுக்கு இன்னொரு தலைவலி, கடையில் வாங்கும் ஆன்டிபாடியின் தரம். 2015-ல் ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் ப்ளுக்துன் இருவரும், நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் ஆதரவோடு 'நேச்சர்' இதழில் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆய்வுக்கான ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் அதன் மரபணு வரிசை தெரிந்திருக்க வேண்டும், அதிலிருந்தே அதைத் தயாரிக்க வேண்டும் என்பதுதான் அது.

2023-ல் வெளியான ஓர் ஆய்வில், 65 மனிதப் புரதங்களுக்காக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளைப் பரிசோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு சோதனை முறையிலாவது தோற்றன. மரபணு வரிசையிலிருந்து தயாரிக்கப்பட்டவை மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்தன. அந்த ஆய்வு பாக்டீரியாவைப் பற்றியது இல்லை என்றாலும், பாடம் எல்லோருக்கும் பொது. தவறான ஆன்டிபாடியை நம்பி எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரையின் மேல், அடுத்த பத்துக் கட்டுரைகள் கட்டப்பட்டால் என்ன ஆகும்?

ஹைபிரிடோமா செல்கூட நிரந்தரம் இல்லை. ஆண்டுக்கணக்கில் வளர்த்தால் அது மாறலாம், ஆன்டிபாடி சுரப்பதை நிறுத்தலாம். மரபணு வரிசை கையில் இருந்தால் இந்தப் பயம் இல்லை. ஒரு கோப்பாகச் சேமித்து, எந்த நாட்டிலும் அதே ஆன்டிபாடியைத் தயாரிக்கலாம். வைரஸைப் பயன்படுத்தி, எலியே இல்லாமல் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்கும் 'ஃபேஜ் டிஸ்ப்ளே' முறையும் வந்துவிட்டது. இதற்காக ஜார்ஜ் ஸ்மித், கிரெகரி விண்டர் ஆகியோர் 2018-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

சில கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆந்த்ராக்ஸ் விஷத்துக்கு எதிரான ராக்ஸிபாகுமாப் 2012-லும், குடலைத் தாக்கும் சி. டிஃபிசில் பாக்டீரியாவின் விஷத்துக்கு எதிரான பெஸ்லோடாக்ஸுமாப் 2016-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டாவது மருந்தின் தயாரிப்பு பின்னர் நிறுத்தப்பட்டது. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வந்திருக்கும் அளவுக்குப் பாக்டீரியாவுக்கு எதிராக ஆன்டிபாடி மருந்துகள் வரவில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரை மலிவு. ஆன்டிபாடியோ விலை அதிகம், அதுவும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கு மட்டும்தான் கேட்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வகத்துக்காக விற்கப்படும் ஆன்டிபாடி பாட்டில்களில் 'ஆய்வுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அவை நோயாளிக்குச் செலுத்தவோ, நோயை உறுதி செய்யவோ அனுமதி பெற்றவை அல்ல.

சாமானியருக்கு இதனால் என்ன?

ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் காலம் இது. எந்தக் கிருமி என்று சீக்கிரம் தெரிந்தால், தேவையில்லாத மருந்தைத் தவிர்க்கலாம். எந்தப் புரதத்தால் அது நோயை உண்டாக்குகிறது என்று தெரிந்தால், தடுப்பூசிக்கு வழி பிறக்கலாம். இரண்டுக்கும் அடிப்படை, நம்பகமான ஆன்டிபாடி.

ஓ139 இன்று ஏறக்குறைய அடங்கிவிட்டது. உலகில் இப்போது காலராவைப் பரப்புவது பெரும்பாலும் பழைய ஓ1 வகைதான். இருந்தாலும், காலரா விரைவு கிட் சிலவற்றில் ஓ1-க்கு ஒரு கோடும், ஓ139-க்குத் தனியாக ஒரு கோடும் இருக்கும். 1992-ல் மெட்ராஸில் தலைகாட்டிய அந்தக் கிருமி திரும்பி வந்தால், இந்த முறை அதற்குப் பெயர் தேட வேண்டியிருக்காது.